கரடிப்போக்கில் பனி

கரடிப்போக்குச் சந்தியில்
மாபிள் கடைக்கு மேல்மாடியில்
ஒரு கரடி நடந்துகொண்டிருக்கிறது.
வெள்ளைக் கரடி.
நடக்கிறது, காலடி கேட்கவில்லை.
வழுக்கி விழுகிறது, விழுந்ததும் கேட்கவில்லை.
கதிரையோடு திரும்பித் திலக்சன் சொல்கிறான்:
"நிறைமதி, வெள்ளிக்கு முதல் பனி வேணும்."

பனி.
எனக்குத் தெரிந்தது மார்கழி விடியலில்
வயல் வரம்பில் பாதம் நனைக்கிற பனி.
அதற்குச் சத்தமே இல்லை.
இது மற்றது. கொட்டுமாம், குவியுமாம்,
மிதித்தால் முனகுமாம்.
ஒஸ்லோ மச்சாள் குரல்பதிவு அனுப்பினாள்:
"எப்பிடிச் சொல்லுறது, பல்லுக் கூசுமடி."

ஆனையிறவு உப்பைக் கொட்டி மிதித்தேன்:
கண்ணுக்குப் பனி, காதுக்குச் சரளை.
உமி, வெறும் பெருமூச்சு.
கடைசியில் கூழுக்கு வைத்திருந்த ஒடியல்மாவைக்
காலுறைக்குள் இறுக்கிக் கட்டி
மைக்குக்குக் கிட்டப் பிடித்துப் பிசைந்தேன்.
முனகியது.
பல் கூசியது.

ஆனி மாதம். விசிறி சுழன்றால் அதுவும் பதிவாகும்,
ஆகவே நிறுத்தி, யன்னல் அடைத்து,
நாடியிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட
நாற்பது காலடி பனியில் நடந்தேன்.
பதினேழாவதைக் கொழும்பு பஸ்ஸின் கோர்ன் தின்றது.
முப்பதாவதைப் பாண் ஓட்டோ.

பாண் ஓட்டோவைக் கோபிக்க மாட்டேன்.
சின்னனில் நான் கேட்ட முதல் லூப் அது.
ஒழுங்கை முழுக்க அதே மெட்டு,
பாண் தீரும்வரை தீராத மெட்டு.
எந்த இடத்தில் அது திரும்பத் தொடங்குகிறது என்று
தம்பியோடு பந்தயம் கட்டி
இரண்டு ஜாம் பணிஸ் தோற்றிருக்கிறேன்.

இசையையும் அப்படித்தான் கேட்டார்கள்:
முடிவு இருக்கக்கூடாது.
கரடி நடந்தால் தாளம் சேர வேண்டும்,
ஓடினால் இன்னொன்று,
ஒன்றும் செய்யாமல் நின்றால்
அதற்கும் ஒன்று.

நிற்பதற்கு என்ன போடுவது?
மழை விட்ட இரவொன்றில்
இரணைமடுக் கட்டுக்குக் கீழே பிடித்த தவளைகளை
எட்டு மடங்கு மெதுவாக்கினேன்.
கத்தல் கரைந்தது, தொண்டை மட்டும் மிஞ்சியது.
உறைந்த ஏரிக்கு அடியில் யாரோ
சுருதி பிடிப்பதுபோல் இருந்தது.
அங்கிருந்து கேட்டு எழுதினார்கள்:
என்ன வாத்தியம்?
பதில் எழுதி, அழித்து, எழுதி,
"ஊர்ப் பாடகர்கள்" என்று அனுப்பினேன்.

அம்மா ஹெட்போனைக் காதில் வைத்து
கனநேரம் இருந்தா.
"உது எப்ப முடியும்?"
"முடியாதம்மா. முடிஞ்சா அது பிழை."
"மாதம் முடியுதுதானே?
அது காணும்."

சனிக்கிழமை வட்டக்கச்சியில் திருவிழா மேடை.
நான் ஒக்ரபாட்.
றெஜினோல்ட் அண்ணைக்கு இரண்டாம் சரணம் மறந்துபோனது.
மைக்கைப் பிடித்தபடி
வெறும் வானத்தைப் பார்த்து நின்றார்.
மற்றவர்கள் அடித்து முடிக்கக் கையை ஓங்க,
என் கை முடிக்கவில்லை.
கரடி நிற்கிறது, அவ்வளவுதானே.
நாலு தட்டைத் திரும்ப வைத்தேன்,
ஒரு தட்டைக் கழற்றினேன்,
கீபோர்ட்காரன் புரிந்து மெல்லச் சேர்ந்தான்.
கச்சான்காரி சுருள் சுற்றுவதை நிறுத்திவிட்டு
மேடையைப் பார்த்தாள்.
ஏழாம் சுற்றில் அண்ணைக்குச் சரணம் வந்தது.
இறங்கியதும் ஒருவர் வந்து சொன்னார்:
"அந்த இடம்தான் திறம், பிள்ளை.
அந்தப் பாட்டில்லாத இடம்."

கடித உறைக்குள் நாலாயிரத்து ஐந்நூறு ரூபா.
மோட்டார்சைக்கிள் முழுக்க நுளம்பு.

திங்கள் காலை திலக்சனின் குறிப்பு:
"பிழை இலக்கம் 212.
கரடி தண்ணிக்குள்ள நடக்குது.
ஆனா இன்னும் பனிச் சத்தம்தான் கேக்குது."

தண்ணி என்றால் பிரச்சினை இல்லை.
வாளியை எடுத்துக்கொண்டு
படியிறங்கினேன்.